தலைமுறையை விளித்து விற்றலும் நினைவின் அறமும்

ஒரு பொருளை விற்பவர், வாங்குபவரை அவருடைய பெயராலோ தேவையாலோ அல்லாமல் அவர் வளர்ந்த காலத்தின் பெயரால் விளிக்கும்போது, அந்த விளி மனத்தில் எதைத் தொடுகிறது என்பதும், அதைத் தொட்டுப் பொருள் ஈட்ட விற்பவருக்கு எந்த அளவுக்கு உரிமை உண்டு என்பதும் அறவியலுக்கும், எது நம்பத்தக்க அறிவு என்று ஆராயும் அளவையியலுக்கும் பொதுவான கேள்விகள். தமிழ்நாட்டில் இக்கேள்விகளுக்குக் கண்கூடான உருவம் கொடுத்திருப்பது '90ஸ் கிட்ஸ்' என்ற விளியும், அதைச் சுற்றி எழுந்துள்ள சிறு மிட்டாய் வணிகமும் ஆகும். தேன்மிட்டாய், கமர்கட், சூடமிட்டாய், ஜவ்வுமிட்டாய், இலந்தைவடை முதலியவற்றை ஒரே பெட்டியில் அடுக்கி, இன்ஸ்டாகிராமில் அரை நிமிடக் காணொளியாகக் காட்டி, வாட்ஸ்அப்பில் ஆர்டர் பெற்று, கூரியரில் அனுப்பும் வீட்டுத்தொழில்களும், அதே பெயரைப் பலகையில் எழுதிக்கொண்ட கடைகளும் மிட்டாயை முன்னிறுத்துவதைக் காட்டிலும் அதை உண்ட பருவத்தையே முன்னிறுத்துகின்றன.

இந்த வழியைச் சிறுவணிகர் தேர்ந்தது தற்செயலன்று. தொலைக்காட்சியில் நேரம் வாங்கவோ நாளிதழில் முழுப்பக்கம் வாங்கவோ வசதியில்லாதவருக்கு, மீம்களும் நகைச்சுவைத் துணுக்குகளும் ஏற்கெனவே கூலியின்றி வளர்த்து வைத்திருக்கும் ஒரு கூட்டுணர்வு கைக்கெட்டிய முதலாகிறது. 2020 ஜூன் இறுதியில் டிக்டாக் இந்தியாவில் தடை செய்யப்பட்டு, அடுத்த சில மாதங்களுக்குள் இன்ஸ்டாகிராம் ரீல்ஸும் யூடியூப் ஷார்ட்ஸும் அந்த இடத்தைப் பிடித்தபோது, பழைய பாட்டு ஒன்றைப் பின்னணியில் ஓடவிட்டு மிட்டாய்த் தாளைப் பிரித்துக் காட்டுவதே ஒரு விளம்பரமாகிவிடும் நிலை உருவானது. செலவு குறைவு என்பதால் செயலின் அறத்தன்மை மாறிவிடுவதில்லை. ஆயினும் பெருநிறுவனத்தை விசாரிக்கும் அதே குரலில் இவரை விசாரிப்பதும் நேர்மையாகாது.

விளிக்கப்படும் தலைமுறை என்பது எத்தகைய பொருள் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். சமூகவியலாளர் கார்ல் மன்ஹைம் 1928இல் எழுதிய தலைமுறைகள் குறித்த கட்டுரையில் மூன்று படிகளைப் பிரித்துக் காட்டினார். ஒரே காலத்தில் ஒரே சமூகத்தில் பிறந்ததால் கிடைக்கும் வெறும் வாய்ப்பு முதற்படி, அதைத் தலைமுறை நிலை எனலாம். அக்காலத்தின் நிகழ்வுகளில் உண்மையிலேயே பங்குகொண்டதால் உருவாகும் பிணைப்பு இரண்டாவது. ஒரே நிகழ்வுக்கு ஒரே விதமாக எதிர்வினை ஆற்றும் சிறு குழுக்கள் மூன்றாவது. 1800ஐ ஒட்டிய ஆண்டுகளில் வாழ்ந்த சீன இளைஞரையும் ஜெர்மானிய இளைஞரையும் ஒரே தலைமுறை என்று யாரும் சொல்லமாட்டார்கள் என்பது அவருடைய எடுத்துக்காட்டு. பிறந்த ஆண்டு ஒத்திருந்தும் வாழ்ந்த வரலாறு ஒத்திருக்கவில்லை என்பதே அதன் கருத்து. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 1981 முதல் 1996 வரை பிறந்தோரை மில்லெனியல் என்றும், 1997 முதல் 2012 வரை பிறந்தோரை ஜென் இசட் என்றும் வகுத்துப் பயன்படுத்தி வந்தது. அதே மையம் 2023இல் இத்தகைய பெயர்களை இனி எச்சரிக்கையுடனேயே கையாளப்போவதாக அறிவித்ததை, அப்பெயர்களை வேதவாக்காகக் கொள்ளும் விளம்பர ஆலோசகர்கள் பலர் பொருட்படுத்தவில்லை.

'90ஸ் கிட்ஸ்' என்ற தமிழக விளிக்கு இத்தகைய ஆண்டு எல்லைகூடக் கிடையாது. தொண்ணூறுகளில் பிறந்தவரா, தொண்ணூறுகளில் சிறுவராக இருந்தவரா என்ற வழக்கு இன்னும் தீராமல் வேடிக்கையாகவே நடந்துகொண்டிருக்கிறது. 1993இல் தொடங்கிய சன் டிவி, 1997 முதல் தூர்தர்ஷனில் ஒளிபரப்பான சக்திமான், பள்ளி வாசலில் பாட்டி விற்ற தின்பண்டம் ஆகியவை அடங்கிய ஒரு நினைவுத் தொகுப்பே இங்கு எல்லையாகிறது. ஆனால் சிவகாசியின் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலில் குழந்தைகள் உழைத்தது பற்றிய வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்ததும் அதே பத்தாண்டில்தான், 1996 டிசம்பரில். யாழ்ப்பாணத்திலிருந்து மக்கள் பெருந்திரளாக வெளியேற நேர்ந்ததும் அதே பத்தாண்டில்தான், 1995 அக்டோபரில். பள்ளி வாசலில் மிட்டாய் வாங்கிய குழந்தை, சிவகாசியில் உழைத்த குழந்தை, யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேறிய குழந்தை ஆகிய மூவரும் மன்ஹைமின் சொல்லில் முதற்படியிலேயே கூட வெவ்வேறு இடங்களில் நின்றவர்கள். மிட்டாய்ப் பெட்டியின் காணொளி இம்மூவரின் கைப்பேசிக்கும் சென்று சேர்கிறது. மூவரையும் 'நம்ம காலம்' என்று அழைக்கிறது. அந்த 'நம்ம' யாரைச் சேர்த்துக்கொண்டது, யாரைச் சத்தமின்றி விட்டுவிட்டது என்பதை அது சொல்வதில்லை. விளம்பரம் வரலாற்று நூலாக இருக்க வேண்டியதில்லை என்று வாதிடலாம். ஆனால் ஒரு பத்தாண்டின் இனிய பகுதியை மட்டும் திரும்பத் திரும்பக் காட்டும் நூறு விளம்பரங்கள் சேரும்போது, அவை வரலாற்றின் வேலையையே செய்யத் தொடங்குகின்றன.

கேட்போரின் வயதறிந்து பேசுதல் புதிய உத்தியும் அன்று, தன்னளவில் இழிந்த உத்தியும் அன்று. அரிஸ்டாட்டில் தம்முடைய பேச்சுக்கலை நூலின் இரண்டாம் பகுதியில் இளையோர், முதியோர், நடுப்பருவத்தார் ஆகிய மூவரின் இயல்புகளைத் தனித்தனியே விவரித்து, பேசுபவர் அவற்றை அறிந்திருக்க வேண்டும் என்கிறார். இளையோர் எதிர்பார்ப்பில் வாழ்கின்றனர், முதியோர் நினைவில் வாழ்கின்றனர், நடுப்பருவத்தார் இரண்டையும் அளவோடு கொண்டு எதையும் உள்ளபடி மதிப்பிடுகின்றனர் என்பது அவருடைய பகுப்பு. உடலின் நடுப்பருவம் முப்பதிலிருந்து முப்பத்தைந்து வரை என்றும், உள்ளத்தின் நடுப்பருவம் நாற்பத்தொன்பதை ஒட்டியது என்றும் அவர் கணக்கும் சொல்கிறார். அந்தக் கணக்கை ஏற்றால், இன்று முப்பதுகளில் நிற்கும் 90ஸ் கிட்ஸ் எதையும் உள்ளபடி மதிப்பிடும் பருவத்தை நோக்கி நடந்துகொண்டிருப்பவர்கள். அவர்களை நோக்கிய வணிகமோ அவர்களை முதியோராக, அதாவது நினைவில் வாழ்வோராகப் பாவிக்கிறது. பிளாட்டோவின் கோர்கியாஸ் உரையாடலில் சாக்ரட்டீஸ் தம் நிலையை, தின்பண்டம் செய்பவர் குற்றஞ்சாட்ட, குழந்தைகள் அடங்கிய நடுவர் குழுவின் முன் விசாரிக்கப்படும் மருத்துவரின் நிலைக்கு ஒப்பிடுகிறார். மிட்டாய் விற்கும் காணொளி வளர்ந்தவரையே ஒரு நிமிடம் அந்தக் குழந்தை நடுவராக மாற்றிவிடுகிறது என்பதுதான் அதன் திறமை. இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேர் நீரிழிவோடு வாழ்வதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த ஆய்வு 2023இல் வெளியிட்ட மதிப்பீட்டை நினைத்தால், நாக்கு பத்து வயதிலும் உடல் முப்பத்தைந்து வயதிலும் இருப்பதன் பொருள் விளங்கும்.

நினைவு எவ்வகை அறிவு என்பதைத் தருக்க நூலார் துல்லியமாக ஆராய்ந்துள்ளனர். அன்னம்பட்டர் இயற்றிய தருக்க சங்கிரகம், சிவஞான முனிவரால் பதினெட்டாம் நூற்றாண்டில் தமிழுக்கு வந்த நூல், அறிவை அனுபவம் என்றும் ஸ்மிருதி என்றும் இரண்டாகப் பகுக்கிறது. முன்பு பெற்ற அனுபவம் ஆன்மாவில் விட்டுச்சென்ற பதிவு சம்ஸ்காரம் எனப்படும். அந்தப் பதிவு ஒன்றிலிருந்தே பிறக்கும் அறிவு ஸ்மிருதி, அதாவது நினைவு. உறங்கும் பதிவைத் தட்டியெழுப்புவதற்கு ஏதேனும் ஒரு தூண்டுகோல் வேண்டும்; நியாய சூத்திரத்தின் மூன்றாம் அத்தியாயம் அத்தகைய தூண்டுகோல்களை நீளமாக அடுக்குகையில் ஒப்புமை, பிரிவு, இன்பம், துன்பம், விருப்பம் ஆகியவற்றையும் சேர்க்கிறது. பழைய வகுப்பறைப் பெஞ்சு, கண்ணாடி ஜாடி, பிரிந்துபோன நண்பர் கூட்டம் என்று ஒரு சிறுவணிகரின் ரீல் காட்டும் ஒவ்வொன்றும் அப்பட்டியலில் இடம்பெறத்தக்கதே. சூத்திரகாரர் அறியாமலேயே விளம்பர நூல் ஒன்றுக்குப் பொருளடக்கம் எழுதி வைத்திருக்கிறார் என்று தோன்றும். ஆனால் நியாய மரபு நினைவை அளவைகளில், அதாவது நம்பத்தக்க அறிவைப் பிறப்பிக்கும் வழிகளில், சேர்ப்பதில்லை. நினைவு பொய் என்பது அதன் பொருளன்று. நினைவு தன் எதிரே உள்ள பொருளைப் பற்றி எதையும் புதிதாக நிறுவுவதில்லை என்பதே அதன் பொருள்.

மிட்டாய் வணிகர் விற்பது வெறும் நினைவும் அன்று. 'அன்று உண்ட அதே சுவை' என்று அவர் சொல்லும்போது வாங்குபவரிடம் எழுவது, கண்ட பொருளை முன்பு கண்டதென்று இனங்காணும் அறிவு; அதைப் பிரத்யபிஞ்ஞை என்பர். 'இது அது' என்ற வடிவிலமைந்த அந்த அறிவில் 'இது' என்னும் பாதி புலனுக்கு எட்டுகிறது, 'அது' என்னும் பாதி நினைவிலிருந்து வருகிறது. இரண்டும் உண்மையிலேயே ஒன்றாக இருந்தால் இனங்காணல் சரியானது. ஒன்றாக இல்லாவிட்டால் என்ன நடக்கிறது என்பதில்தான் இந்தியத் தத்துவ மரபுகளுக்கிடையே புகழ்பெற்ற வழக்கு எழுந்தது. கடற்கரையில் கிடக்கும் சிப்பியை வெள்ளி என்று ஒருவர் கொள்வதை நியாயத்தார் அன்னியதாக்கியாதி என்பர். ஒன்று வேறொன்றாகத் தோன்றுதல் என்பது அதன் விளக்கம், எனவே அது தெளிவான பொய்யறிவு. மீமாம்சை மரபின் பிரபாகரர் இதை மறுத்து அக்கியாதி என்னும் கொள்கையை முன்வைத்தார். 'இது' என்று கண்டதும் சரியே, 'வெள்ளி' என்று நினைத்ததும் சரியே. காண்பதற்கும் நினைப்பதற்கும் இடையிலுள்ள வேறுபாடு கவனத்தில் படாமல் போனதுதான் குறை. ஆகவே அங்கே பொய்யறிவு எதுவும் பிறக்கவில்லை, விடுபாடு ஒன்றே நிகழ்ந்தது என்பது அவர் வாதம்.

தலைமுறையை விளித்து விற்கும் விளம்பரம் எப்படிச் செயல்படுகிறது என்பதற்கு அக்கியாதியைவிடப் பொருத்தமான விளக்கம் கிடைப்பது அரிது. காணொளியில் தெரியும் மிட்டாய் உண்மை. பார்ப்பவர் நினைவில் எழும் மிட்டாயும் உண்மை. முன்பு வெல்லத்தில் செய்யப்பட்டது இன்று சர்க்கரையில் செய்யப்படலாம், சாயம் மாறியிருக்கலாம், கையில் உருட்டியது இயந்திரத்தில் உருண்டிருக்கலாம், நாலணாவுக்கு ஜாடியிலிருந்து எடுத்துக் கொடுத்தது பிளாஸ்டிக் உறையில் அச்சிட்ட விவரத்தோடு வரலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, பசியோடும் கையில் காசில்லாமலும் ஏங்கிய அந்தக் குழந்தை இப்போது இல்லை. விற்பவர் இவற்றில் எதையும் மறுத்துப் பேசவில்லை. வேறுபாட்டைச் சொல்லாமல் விட்டதைத் தவிர அவர் எதுவும் செய்யவில்லை.

சொல்லாமல் விடுவது குற்றமா என்ற கேள்வியை ரோமானியச் சிந்தனையாளர் சிசரோ கி.மு. 44இல் எழுதிய கடமைகள் பற்றிய நூலின் மூன்றாம் பகுதியில் ஒரு வணிகரை வைத்தே விவாதித்தார். பஞ்சத்தில் வாடும் ரோட்ஸ் தீவுக்கு அலெக்சாந்திரியாவிலிருந்து தானியம் கொண்டுவரும் நேர்மையான வணிகர், தமக்குப் பின்னால் மேலும் பல கப்பல்கள் வந்துகொண்டிருப்பதை அறிவார். அதைச் சொன்னால் விலை இறங்கும். சட்டம் கேட்கும் குறைகளைச் சொன்னால் போதும், தெரிந்ததையெல்லாம் சொல்ல வேண்டியதில்லை என்கிறார் பாபிலோனைச் சேர்ந்த தியோஜனிஸ் என்னும் ஸ்டோயிக் அறிஞர். வாங்குபவர் அறிய விரும்பும் எதையும் விற்பவர் மறைக்கலாகாது என்கிறார் அவருடைய மாணவர் ஆன்டிபேட்டர். சிசரோ மாணவர் பக்கம் சாய்கிறார்: பேசாமலிருப்பது எல்லாமே மறைத்தல் ஆகாது, ஆனால் தமக்கு ஆதாயம் வரவேண்டும் என்பதற்காகவே வாங்குபவருக்குத் தேவையானதை அறியவிடாமல் வைத்திருப்பது மறைத்தலே. பிறர் பொருளையும் தம் பொருளைப் போலவே பேணிச் செய்வதே வாணிகம் என்று திருக்குறள் நடுவுநிலைமை அதிகாரத்தில் சொல்லும் நெறியும், பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்து வணிகரிடம் காணும் நடுநிலையும் இத்தீர்ப்போடு ஒத்துப்போகின்றன. பிரபாகரர் அளவையியலில் வென்றாலும், விடுபாட்டால் லாபம் பெறுபவர் அந்த விடுபாட்டுக்குப் பொறுப்பாளி ஆகிறார் என்பதை அறவியலில் அவரால் தள்ளிவிட முடியாது. தவறிய கவனம் ஒருவருடையது, தவறவிட்டதன் பயன் மற்றவருடையது.

இதற்கு எதிராக வலுவான ஒரு வாதம் பௌத்தத்திலிருந்து எழக்கூடும். சத்தர்மபுண்டரீக சூத்திரத்தின் மூன்றாம் அத்தியாயத்தில், தீப்பற்றிய வீட்டுக்குள் விளையாட்டில் மூழ்கிய பிள்ளைகளை வெளியே அழைக்க, அவரவர் விரும்பும் ஆட்டு வண்டி, மான் வண்டி, மாட்டு வண்டி வெளியே காத்திருப்பதாகத் தந்தை சொல்கிறார். கேட்போரின் பருவத்துக்கும் விருப்பத்துக்கும் ஏற்பப் பேசும் இத்திறனை உபாயம் என்று அந்நூல் அழைக்கிறது. தந்தை பொய் சொன்னாரா என்ற கேள்வியையும் அந்நூலே எழுப்பி, இல்லை என்று புத்தரின் சீடர் சாரிபுத்திரரைக் கொண்டே பதிலளிக்கச் செய்கிறது. ஆகவே விருப்பத்தைத் தொட்டுப் பேசுவதில் தவறில்லை என்று வணிகர் சொல்லலாம். ஆனால் அங்கே ஆதாயம் முழுவதும் பிள்ளைகளுக்கு. வெளியே வந்தபின் கிடைத்ததும் சொன்னதைவிடப் பெரிய வண்டி. வணிகர் தந்தையல்லர், ஆகவும் வேண்டாம். ஆயினும் கேட்டதைவிடக் குறைவான ஒன்றைக் கொடுத்துவிட்டு உபாயத்தைத் துணைக்கழைப்பது பொருந்தாது. பாலி மொழியிலுள்ள மஜ்ஜிம நிகாயத்தின் மகாசத்தாரீசக சுத்தம் தீய பிழைப்புகளாக வஞ்சனை, இச்சகம், குறிப்புக்காட்டிக் கேட்டல், இழித்துரைத்தல், லாபத்தைக் கொண்டு லாபம் தேடுதல் ஆகியவற்றைக் கூறுகிறது. மரபுரை இவற்றைத் துறவியரின் நடத்தையோடு சேர்த்தே விளக்கும். இருந்தாலும், பக்கத்தைப் பின்தொடர்ந்து மூன்று நண்பரை இணைத்தால் பெட்டி இலவசம் என்ற அறிவிப்பைப் பார்த்தபின் ஐந்தாவதை மட்டும் துறவியருக்கென்று ஒதுக்கி வைக்க மனம் வருவதில்லை.

ஊடகம் இந்தக் கேள்வியில் சேர்க்கும் புதிய கூறு ஒன்று உண்டு. பெட்டிக்கடைக்காரர் வாங்க வருபவரின் முகமறிந்தவர். இந்தப் பையனுக்கு இருமல், இன்று சூடமிட்டாய் போதும் என்று சொல்லக்கூடியவர். இன்ஸ்டாகிராமில் விற்கும் அதே மனிதருக்குத் திரையில் கிடைப்பது 25–34, 35–44 என்ற வயதுக் கட்டங்கள், ஊர்ப் பெயர்கள் போன்ற தொகுப்புக் கணக்குகளே. விளம்பரத்தைப் பார்த்தவர் ஒருமுறை நின்று பார்த்தார் என்பதற்காக அதே வகைக் காணொளிகள் மேலும் மேலும் அவர்முன் வருகின்றன. அதைத் தீர்மானிப்பது வணிகர் அல்லர், தளத்தின் கணிப்புமுறை. உயிர் தான் சார்ந்ததன் வண்ணமாகும் இயல்புடையது என்று மெய்கண்டார் வழிவந்த சைவ சித்தாந்தம் கூறுகிறது. எதைச் சார்கிறதோ அதன் தன்மையாகவே தன்னை உணர்வது உயிரின் குணம், எனினும் உயிர் அதுவே ஆகிவிடுவதில்லை என்பதும் அக்கொள்கையின் பகுதி. தலைமுறைப் பெயரும் அத்தகைய ஒரு சார்பே. நாளொன்றுக்குப் பலமுறை அப்பெயரால் அழைக்கப்படுபவர், அதற்கு முன் தம்மிடம் இல்லாத ஏக்கத்தையும் தம்முடையதென்று உணரத் தொடங்குகிறார். தேவையை நிறைவேற்றும் உற்பத்தியே அத்தேவையைப் படைக்கவும் செய்கிறது என்று பொருளியலாளர் கால்பிரெய்த் 1958இல் செல்வச் செழிப்புச் சமூகம் பற்றிய நூலில் வாதிட்டதையும், இலக்கிய ரசனைகூடப் பிறரால் ஊட்டப்படுவதுதானே என்று மற்றொரு பொருளியலாளர் ஹயேக் 1961இல் மறுத்ததையும் இங்கே நினைவுகூரலாம். மிட்டாயைப் பொறுத்தவரை ஹயேக் சொல்வதில் நியாயமுண்டு, ஏனெனில் ஆசை வணிகர் படைத்ததன்று. ஆனால் 'நாம் ஒரு தலைமுறை' என்ற உணர்வைப் பொறுத்தவரை கால்பிரெய்த் சொன்னதே நெருங்கி வருகிறது.

சட்டமும் துறையின் தன்னொழுங்கு நெறிகளும் இந்தப் பரப்பில் சில எல்லைகளை வரைந்துள்ளன. பணம் பெற்றுப் பேசும் சமூக ஊடகப் பிரபலம் அதை விளம்பரம் என்று குறிப்பிட வேண்டுமென இந்திய விளம்பரத் தர நிர்ணய மன்றம் 2021இல் நெறிமுறை வகுத்தது. 'நம்ம காலத்துல' என்று உறவுக்குரலில் பேசுபவருக்கு இது மிகவும் பொருந்தும். கடைசிச் சில பெட்டிகளே மீதம் என்று பொய்யாக அவசரப்படுத்துவதை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் தடை செய்தது. அதே ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு வயதுக்கு உட்பட்டோரைக் குறிவைத்துத் தரவுவழி விளம்பரம் செய்வதை விலக்குகிறது. குழந்தையைக் குறிவைப்பது கூடாது என்கிற சட்டத்துக்கு, வளர்ந்தவருக்குள் இருக்கும் குழந்தையைக் குறிவைப்பதைப் பற்றிச் சொல்ல எதுவுமில்லை. சட்டத்தால் அங்கே எட்டவும் முடியாது.

எட்டக்கூடியது வணிகரின் சொல்தான். கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020இலும் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கு 2019இலும் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்த ஊர், இந்தப் பொருள், இந்தச் செய்முறை என்று அக்குறியீடு சொல்வதெல்லாம் சோதித்துப் பார்க்கத்தக்கவை, அதாவது புலன்வழி அறிதலாகிய காட்சியளவையின் எல்லைக்குள் நிற்பவை. இவற்றை விற்பவரும் பழைய பயணத்தையோ பள்ளிக்கால விடுமுறையையோ காணொளியில் நினைவூட்டலாம். நினைவூட்டினாலும் சிப்பியும் வெள்ளியும் தனித்தனியே நிற்கின்றன. மிட்டாய்ப் பெட்டி விற்பவரும் இதைச் செய்ய முடியும்: வெல்லமா சர்க்கரையா, எந்த ஊரில் யார் செய்தது, எது மாறியிருக்கிறது என்பதை அதே அரை நிமிடத்துக்குள் சொல்லிவிடலாம். அப்படிச் சொன்னால் ஏக்கம் குறைந்து விற்பனை சரியும் என்ற அச்சம் ஆதாரமற்றது என்று சொல்லிவிட முடியாது. சில பெட்டிகள் குறையவே செய்யும். ஆனால் அந்தப் பெட்டியைப் பிரிப்பவர் பெரும்பாலும் அதைத் தனியே உண்பதில்லை, தம் பிள்ளைக்கும் ஒன்று கொடுக்கிறார். அந்தப் பிள்ளையிடம் தட்டியெழுப்ப எந்தப் பதிவும் இல்லாததால், அது கேட்பது இன்னொன்றா, அல்லது கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோவதா என்பதை மிட்டாய் மட்டுமே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.